அஜந்தாவைப் படியெடுத்த அம்மையார்

திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் சித்தன்னவாசல் ஓவியங்களின் படிகள் முன்னே சற்று நேரம் நிற்பதுண்டு. தாமரைக்குளமும், அதில் மலர் கொய்யும் ஆடவரும், மீனும் யானையும் எருமையும், தூணில் ஒசிந்து நிற்கும் ஆடல்மகளும் அங்கே காணக் கிடைக்கின்றன. பிறகு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் பயணம் செய்து அறிவர் கோயிலின் விதானத்தை அண்ணாந்து பார்த்தால் அத்தனை தெளிவு கிட்டுவதில்லை. காலமும் ஈரமும் பொறுப்பற்ற கைகளும் அழித்தவை போக எஞ்சியதே அங்கு உள்ளது. ஆயினும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். படியைக் கண்டு பழகிய கண்ணே, மூலத்தில் மங்கிக் கிடக்கும் கோட்டை விரைவில் இனங்கண்டுகொள்கிறது. படி நமக்கு வழிகாட்டுகிறது. வழிகாட்டியவர் பெயரை மட்டும் நாம் கேட்பதில்லை.

கவிஞர்களாகிய நமக்கு இந்த மறதி பொருந்துவதன்று. நம் இலக்கியம் முழுவதும் படியெடுத்தவர் கைவழியே வந்ததுதான். பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்காது. யாரோ ஒருவர் பழைய ஏட்டை அருகில் வைத்துக்கொண்டு புதிய ஏட்டில் எழுத்தாணியை ஓட்டினார். அப்படி ஓட்டாத நூல்கள் செல்லுக்கு இரையாயின. ஆடிப்பெருக்கில் ஆற்றோடும் போயின. ஓவியத்துக்கும் இதே விதிதான். அவ்வாறு பிறர் வரைந்ததைத் திரும்ப வரைவதில் தம் அறிவையும் பொருளையும் செலவிட்டு, கடைசியில் மனநலத்தையும் இழந்து மறைந்த ஓர் ஆங்கிலப் பெண்மணியின் வாழ்வை, நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எழுத விரும்பினேன். உலகம் அவரை ஹெரிங்காம் சீமாட்டி என்று அறியும். அந்தப் பெயர் அவரை வந்தடைந்த விதம் துயரமானது. அதைப் பின்னர்க் கூறுவேன்.

கிறிஸ்டியானா ஜேன் பவல் 1852-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை பங்குச் சந்தையில் பொருளீட்டியவர், கலைஞர்களை ஆதரித்தவர். கைவினையின் மேன்மையைப் பேசிய ஓர் இயக்கம் அந்நாளில் அங்கு வளர்ந்துகொண்டிருந்தது. இயந்திரம் செய்ததைவிடக் கை செய்ததே உயர்வு என்ற எண்ணம் அந்த வீட்டுக் காற்றிலேயே இருந்தது எனலாம். 1880-இல் அவர் வில்மட் ஹெரிங்காம் என்னும் மருத்துவரை மணந்தார். ஆண்மக்கள் இருவர். மூத்தவனை 1893-இல் நோய் கொண்டுபோயிற்று.

அதன்பின் அவர் முழுமூச்சாக ஈடுபட்ட வேலை விந்தையானது. சென்னினோ சென்னினி என்னும் இத்தாலிய ஓவியர் 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் தொழில் நுட்பங்களை ஒரு நூலாக எழுதி வைத்திருந்தார். பலகைக்கு வெள்ளைப்பூச்சு இடுவது, நிறக்கற்களை அரைப்பது, முட்டையின் மஞ்சட்கருவில் நிறத்தைக் குழைப்பது முதலியவற்றை ஒரு குரு சீடனுக்குச் சொல்வதுபோலச் சொல்லும் நூல் அது. இளையோர் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய கருவையும், வெயிலில் கறுத்த முதியோர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் செம்மஞ்சட் கருவையும் பயன்படுத்த வேண்டும் என்கிற அளவுக்கு நுணுக்கமானது. கிறிஸ்டியானா இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1899-இல் வெளியிட்டார். சொல்லைப் பெயர்ப்பதோடு அவர் நிறைவடையவில்லை. ஒவ்வொரு முறையையும் தம் கையால் செய்து பார்த்தார். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் அமர்ந்து பொத்திசெல்லி முதலிய பழைய இத்தாலிய ஓவியர்களின் படங்களை, அவர்கள் வரைந்த அதே முட்டைக்கரு முறையில் திரும்ப வரைந்தார். 1901-இல் அம்முறையில் வரைவோர்க்கென ஒரு சங்கம் தோன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. எண்ணெய் வண்ணம் வந்தபின் ஐரோப்பா ஏறத்தாழ மறந்துவிட்ட ஒரு தொழில், படியெடுத்த ஒரு பெண்ணின் கைவழியே மீண்டது.

இதே முட்டைக்கரு வண்ணம் சில ஆண்டுகளில் எகிப்துக்கும் போயிற்று. நைல் ஆற்றங்கரையில் தீப்ஸ் நகரத்துக் கல்லறைச் சுவர்களில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓவியங்கள் உள்ளன. அவற்றை நினா டேவிஸ் என்னும் அம்மையார் 1907 முதல் பல்லாண்டுகள் தம் கணவரோடு தங்கிப் படியெடுத்தார். அதற்கு முன்பெல்லாம் அங்கு நீர்வண்ணமே பெரிதும் கையாளப்பட்டது. நீர்வண்ணம் ஒளி ஊடுருவுவது. அதனடியில் காகிதத்தின் வெண்மை தெரியும். கல்லறைச் சுவரின் வண்ணமோ தடித்தது, ஒளி புகாதது. முட்டைக்கருவில் குழைத்த வண்ணமே அதற்கு நெருங்கி வந்தது. அவருடைய படிகளிலிருந்து தேர்ந்த 104 படங்கள் 1936-இல் பெருநூலாக வந்தன. சுவர்கள் சில அதன்பின் சிதைந்தன. அந்த இடங்களில் இன்று ஆய்வாளர் நாடுவது படியைத்தான். தூத்தங்காமன் கல்லறையை 1922-இல் கண்டு புகழ்பெற்ற ஹோவர்ட் கார்ட்டர் கூட, 1891-இல் பதினேழு வயதுப் படியெடுப்பவனாகத்தான் எகிப்தில் காலடி வைத்தார்.

கிறிஸ்டியானாவிடம் செல்வம் இருந்தது. அதைவிட அரிதாக, செலவிடும் துணிவு இருந்தது. நாட்டின் கலைச்செல்வங்கள் அயல்நாட்டுச் செல்வர் கைக்குப் போவதைத் தடுக்க 1903-இல் ஒரு தேசியக் கலை நிதி அமைந்தது. அதைப் பேசிக்கொண்டிருந்தவர் பலர். தொடக்கப் பணம் தந்து அதை நடக்கச் செய்தவர் அவர். அந்நிதியே 1906-இல் வெலாஸ்குவஸ் வரைந்த வீனஸ் ஓவியத்தை வாங்கித் தேசிய ஓவியக்கூடத்துக்கு அளித்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட ஊர்வலங்களுக்குக் கொடித்துணிகள் தைக்கும் பணியிலும் அவர் கை இருந்தது.

அந்த 1906-ஆம் ஆண்டிலேயே அவர் இந்தியாவுக்கு வந்து அஜந்தாவைக் கண்டார். அஜந்தா அப்போது ஐதராபாத் நிஜாமின் ஆட்சிக்குட்பட்டது. 1819-இல் ஆங்கிலப் படைவீரர் கண்ணில் பட்ட அந்தக் குகைகள் அடுத்த எண்பது ஆண்டுகளில் காட்டில் கிடந்த ஆயிரம் ஆண்டுகளைவிட அதிகமாகத் துன்புற்றன என்று சொன்னால் மிகையாகாது. வந்தவர்கள் பெயரைக் கீறினார்கள். சிலர் சுவரையே பெயர்த்துச் சென்றார்கள். மேஜர் ராபர்ட் கில் 1844 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கே உழைத்து எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். அவற்றுள் பெரும்பாலானவை 1866-இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நேர்ந்த தீயில் எரிந்தன. பம்பாய் ஓவியப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் 1872-இல் தம் மாணவருடன் மறுபடி தொடங்கி 1885 வரை வரைந்தார். அவற்றிலும் பல, அதே 1885-இல் தென்கென்சிங்டன் அருங்காட்சியகத் தீயில் போயின. எஞ்சியவற்றைக் கொண்டு 1896-இல் கிரிஃபித்ஸ் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். ஒளி கூட்டுவதற்காகச் சுவர்மேல் பூசப்பட்ட மெருகெண்ணெய் பிற்காலத்தில் மஞ்சளித்துக் கறுத்து ஓவியத்தை மூடியது. காப்பதற்கென்று வந்த கையே கேடும் செய்தது. ஏடு படியெடுத்தவர் வரலாற்றிலும் இத்தகைய செய்திகள் நமக்குப் புதியன அல்ல.

கிரிஃபித்ஸின் படிகள் அம்மையாருக்கு நிறைவளிக்கவில்லை. உருவங்களின் திரட்சியும் நிழலும் அவற்றில் இருந்தன. அஜந்தாவின் உயிராகிய கோடு குறைந்திருந்தது. சுவரை அவர் ஒரு தொழிலாளியின் கண்ணால் படித்தார். முதலில் வெண்பூச்சின் மேல் செங்காவியால் துணிந்து இழுத்த கோடு. அதன்மேல் மெல்லிய பசுமண் நிறத்தில் ஒரு பூச்சு. பிறகு அந்தந்த இடத்துக்குரிய வண்ணம். கடைசியில் பழுப்பும் கருமையும் கொண்டு மீண்டும் கோட்டை உறுதிப்படுத்தல். இவ்வாறு அடுக்கடுக்காக அவர் பிரித்துக் காட்டியது 1910-இல் ஓர் ஆங்கிலக் கலையிதழில் கட்டுரையாக வந்தது. சென்னினியின் ஒவ்வொரு வரியையும் கையால் செய்து பார்க்காதவருக்கு இந்தக் கண் வாய்த்திருக்காது. சிறிய வேடிக்கை ஒன்று உண்டு. பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் அஜந்தாச் சுவரை ஆராய்ந்து, ஈரச் சுண்ணத்தின்மேல் வரைந்த முறை அன்று அது, உலர்ந்த பரப்பில் பசையில் குழைத்து வரைந்ததே என்று காட்டினார். பசை வண்ணத்தில் தேர்ந்த அம்மையாரின் நூலோ ஈரச்சுவர் ஓவியம் என்று பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது! நம் சித்தன்னவாசல் ஓவியங்கள் 1930-களின் இறுதியில் தூய்மை செய்யப்பட்டபோது அப்பணியில் ஈடுபட்டவரும் இதே பரமசிவன்தான்.

1909-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் மீண்டும் வந்து அஜந்தாவுக்கு அருகில் முகாமிட்டார். வயது 57. துணைக்கு டோரதி லார்ச்சர் என்னும் இளம் ஓவியர் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். நிஜாம் அரசு சையது அகமது, முகமது பஸ்லுத்தீன் என்னும் ஓவியர் இருவரை அனுப்பியது. கல்கத்தாவிலிருந்து அவனீந்திரநாத் தாகூரின் மாணவர்கள் வந்தனர். இந்த வருகைக்குப் பின்னால் நம் பாரதியார் குருவாகப் போற்றிய நிவேதிதா தேவி இருந்தார். இந்தியச் சுவரை ஆங்கிலேயர் மட்டுமே படியெடுத்துப் போவது தகாது, நம் இளைஞர் அங்கே நின்று கற்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். நந்தலால் போஸ், அசித்குமார் ஹால்தார், சமரேந்திரநாத் குப்தா, மைசூர்க்காரரான கே. வெங்கடப்பா ஆகிய நால்வர் சென்றனர். அப்போது நந்தலாலுக்கு வயது 27. ஹால்தாருக்கு இருபதுகூட நிரம்பவில்லை.

குகைக்குள் வெளிச்சம் குறைவு. வௌவால் எச்சத்தின் நாற்றம். மலைத்தேனீக் கூடுகள் அச்சுறுத்தும். ஏணியிலும் சாரத்திலும் நின்று, தலையை நிமிர்த்தியபடியே மணிக்கணக்கில் வரைய வேண்டும். கறுத்த சுவரில் இது கோடா, விரிசலா என்று ஐயம் எழும். ஏடு பெயர்ப்போருக்கு நேரும் இடர்ப்பாடே இது. புள்ளியில்லாத ஏட்டில் மெய்யா உயிர்மெய்யா என்று தடுமாறுகிறோம். செல்லரித்த இடத்தில் தம் மனத்துக்குத் தோன்றிய சொல்லைப் பெய்தவரும் உண்டு, வெற்றிடம் விட்டு அடுத்த சீருக்குப் போனவரும் உண்டு. ஓவியத்தைப் படியெடுப்பவர் எத்தனை நேர்மையாளராயினும் அவர் காலத்தின் சாயல் கையில் வந்துவிடும். கிரிஃபித்ஸின் படிகளில் விக்டோரியா காலத்து உடற்பயிற்சி தெரிகிறது. அம்மையார் குழுவின் படிகளில் வங்காள ஓவியத்தின் மென்மை சற்றே படிந்திருக்கிறது என்பது என் கருத்து. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உரையாசிரியர் ஒருவர் காலத்தை அவர் உரை காட்டிக்கொடுப்பது போன்றதே இது. படிகள் பல இருந்தால், ஒன்றோடொன்று ஒப்பிட்டு மூலத்தை நெருங்கலாம். ஒரே படியை நம்பியிருப்பதுதான் இடர்.

அவர் குகையில் வரைந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் இலண்டனில் ஒரு பூசல் மூண்டது. 1910 சனவரியில் நடந்த ஒரு கூட்டத்தில், இந்தியாவுக்கு நுண்கலை என்று ஒன்று இல்லை என்று சர் ஜார்ஜ் பேர்ட்வுட் வாதிட்டார். சாவகத்துப் புத்தர் சிலை ஒன்றைச் சுட்டி, அவித்த ஆங்கிலப் பலகாரம் ஒன்றுக்கு அதனை ஒப்பிட்டு இகழ்ந்தார். அக்கூட்டத்தில் உரை நிகழ்த்தியவர் முன்பு சென்னை ஓவியப்பள்ளியின் தலைவராக இருந்த ஈ. பி. ஹாவெல். இகழ்ச்சிக்கு மறுப்பாக ஓவியர்கள் பதின்மூவர் செய்தித்தாளில் கடிதம் எழுதினர். அவ்வாண்டே இந்தியச் சங்கம் தோன்றியது. ஈழத்தமிழர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியும் ஹெரிங்காம் அம்மையாரும் அதனைத் தோற்றுவித்தவர்களுள் இருந்தனர். அப்பூசலில் வாதம் பேசியோர் பலர். கண்ணால் காணத்தக்க சான்று வைத்திருந்தவர், சாரத்தின்மேல் நின்ற இவரே. அஜந்தாவின் கோட்டைப் பார்த்தபின் இந்தியாவுக்கு நுண்கலை இல்லை என்று சொல்வது கடினம். 1910-11 குளிர்காலத்திலும் பணி தொடர்ந்தது.

1911-இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். அவ்வாண்டு இலண்டனில் நடந்த பேரரசு விழாவில் அஜந்தாப் படிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கில்லின் படிகள் எரிந்த அதே பளிங்கு மாளிகையே அவ்விழாவின் இடம். அம்மையாரோ அதற்குள் வேறோர் இருளுக்குள் போயிருந்தார். யாரோ தம்மைப் பின்தொடர்கிறார்கள், துன்புறுத்த வருகிறார்கள் என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. மருத்துவரான கணவராலும் அதை நீக்க இயலவில்லை. மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். பிறகு பதினெட்டு ஆண்டுகள் அவர் பொதுவாழ்வுக்குத் திரும்பவேயில்லை.

குகையே அவர் மனத்தைக் குலைத்தது என்று கதை கட்டியவர் உண்டு. ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924-இல் வெளியிட்ட இந்திய நாவலில், குகைக்குள் சென்று நிலைகுலையும் மூதாட்டிக்கு இவரே சாயல் தந்தார் என்று ஆய்வாளர் சிலர் ஊகிப்பர். எனக்கு அக்கதையில் நாட்டமில்லை. தனயனை இழந்த தாய், ஓயாத உழைப்பாளி, அறுபதை நெருங்கிய உடல் ஆகியவை இருக்கையில் குகையின்மேல் பழி போடுவானேன்? படியெடுத்தவை திரும்பத் திரும்ப எரிந்ததை வைத்து அஜந்தாவின் சாபம் என்று பேசுவோரும் இருக்கிறார்கள். சப்பானிய ஓவியர் அராய் காம்போ 1910-களின் பிற்பகுதியில் எடுத்துப்போன படிகளும் 1923-ஆம் ஆண்டு டோக்கியோ நிலநடுக்கத்தில் அழிந்தது உண்மை. தீயும் நிலநடுக்கமும் ஏடுகளையும்தான் அழித்திருக்கின்றன. அதற்குச் சாபம் வேண்டியதில்லை.

1914-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. அவர் உருவாக்கிய நிதி வாங்கித் தந்த வீனஸ் ஓவியத்தை, அவர் கொடித்துணி தைத்துதவிய அதே வாக்குரிமைக் கோரிக்கையின் பெயரால், ஒரு பெண்மணி மார்ச்சு மாதத்தில் வெட்டுக்கத்தியால் கீறினார். ஐரோப்பியப் போர் தொடங்கிய சில மாதங்களுக்குள் எஞ்சியிருந்த ஒரே மகன் களத்தில் மாண்டான். கணவருக்குச் சர் பட்டம் வந்ததும் அவ்வாண்டிலேயே. அதனால் அவர் ஹெரிங்காம் சீமாட்டி ஆனார். 1915-இல் இந்தியச் சங்கம் அஜந்தாப் படிகளைப் பெருந்தொகுதியாக வெளியிட்டபோது அந்தப் பெயரே முகப்பில் ஏறியது. எந்தப் பெயரால் உலகம் அவரை அறிகிறதோ, அந்தப் பெயரில் அவர் ஒரு கோடுகூட வரைந்ததில்லை.

அவர் கைவிட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் சென்றார்கள். நந்தலால் 1921-இல் ஹால்தார், சுரேந்திரநாத் கர் ஆகியோருடன் குவாலியர் அரசின் பொருட்டுப் பாக் குகைகளைப் படியெடுத்தார். சாந்திநிகேதனில் அவரிடம் கற்றவர்களுக்கு அஜந்தாக் கோடு பாடமாயிற்று. 1938-இல் அரிபுரா காங்கிரசுக்கு அவர் வரைந்த படங்களிலும், பின்னர் அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் படியை அணிசெய்த பணியிலும் அக்கோட்டின் வழித்தோன்றலைக் காணலாம். சையது அகமது அஜந்தாவிலேயே நிலைத்து அதன் காப்பாளரானார். ஐதராபாத் அரசு 1914-இல் தொல்லியல் துறை ஒன்றை நிறுவி, குலாம் யஸ்தானியின் மேற்பார்வையில் சுவர்களைக் காக்க முற்பட்டது. இத்தாலியிலிருந்து வல்லுநர் இருவர் 1920-இல் வந்து பெயர்ந்த பூச்சை ஒட்டவைத்தனர். அவனீந்திரரின் வேறொரு மாணவரான தேவிபிரசாத் ராய் சௌதுரி 1929-இல் சென்னை ஓவியப்பள்ளியின் தலைமையை ஏற்றார்.

நம் ஊர்ப்பக்கச் செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அம்மையார் அஜந்தாவில் வரைந்துகொண்டிருந்த 1910-ஆம் ஆண்டில்தான் புதுக்கோட்டை சமஸ்தானத்து அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. சித்தன்னவாசல் விதானத்தில் ஓவியம் இருப்பதை எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் தம் புதுக்கோட்டை வரலாற்று நூலில் குறித்தார். 1920-இல் புதுச்சேரியின் ழூவோ துப்ரெய் அதனை உலகறியச் செய்தார். அஜந்தாவுக்குத் தெற்கேயும் அந்தக் கோடு ஓடி வந்திருக்கிறது, பாண்டியர் காலத்து மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த ஒரு சமணக் குடைவரையில் தாமரைத் தண்டாக வளைந்து நிற்கிறது என்ற செய்தி வெளிவந்தபோது, அதைக் கேட்டு மகிழத்தக்க கண்ணுடையவர் இங்கிலாந்தில் ஓர் இல்லத்தின் அறைக்குள் இருந்தார்.

1929-இல் கிறிஸ்டியானா ஹெரிங்காம் மறைந்தார். அவர் ஈட்டியும் வரைந்தும் வைத்திருந்த படங்களைக் கணவர் கேம்பிரிட்ஜின் நியூனம், இலண்டனின் பெட்ஃபர்ட் ஆகிய இரு பெண்கள் கல்லூரிகளுக்குக் கொடுத்துவிட்டார்.